வெனிங்கிற்குக் கல்யாணம் இல்லை, புறப்பட வேண்டாம்

க்ளாத்தென்,
வெள்ளிக்கிழமை

பெருமதிப்பிற்குரிய ஹர்ஜோ அண்ணனுக்கு,

தங்கள் முழங்காலில் நெற்றி பதித்து வணங்கித் தம்பி கஸ்மிதி எழுதுவது. நானும் என் மனைவி சுதினாவும் சுகம். அண்ணியின் மூட்டுவலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். விஷயம் இதுதான்: என் பெயரில் தங்களுக்குக் கல்யாண அழைப்பு ஒன்று மின்னஞ்சலில் வந்திருந்தால் தயவுசெய்து திறக்காதீர்கள். என் மகள் வெனிங்கிற்குக் கல்யாணம் இல்லை.

செவ்வாயன்று தெருச் சங்கத்தின் பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது எனக்கே இப்படி ஓர் அழைப்பு வந்தது. அனுப்பியவரைத் தெரியாது. தெரியாதவர் என்பதற்காக அழைப்பைத் திறக்காமல் இருப்பது மரியாதையா? அதிலும் கடைசியில் நம் வழக்கப்படி, ‘பெயரிலோ பட்டத்திலோ பிழை இருந்தால் மன்னிக்கவும்’ என்ற வரி. என் பெயரைத் தப்பாகத்தான் எழுதியிருந்தான். திருடன் இவ்வளவு பணிவாக மன்னிப்புக் கேட்பான் என்று முப்பது வருடம் நிலம் அளந்த எனக்கு எப்படித் தெரியும்? திறந்தேன், ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தேன். இப்படி ஒன்பது முறை. அதற்குள் கணினி அடுப்பாய்ச் சுட்டது, கோப்புகள் எல்லாம் பூட்டிக்கொண்டன, அதே அழைப்பு என் பெயரில் ஊருக்கெல்லாம் போய்விட்டது.

வியாழன் காலை பக்கத்து வீட்டு மர்சியம் அம்மாள் தலைமையில் பதினோரு பெண்கள், கையில் கத்தியும் பலகையும் பலாக்காயுமாகச் சமையல் உதவிக்கு வந்து நின்றார்கள்.

“என்னங்கய்யா, பொண்ணு கல்யாணத்த சத்தமில்லாம முடிச்சிரலாம்னு பாத்தீங்களா? பலாக்காய யாரு நறுக்குறது?”

“இல்லம்மா, அது வந்து...”

“நாங்கதான் வந்துட்டோம்ல! போயி டீ போடச் சொல்லுங்க.”

வந்தவர்களிடம் எடுத்த எடுப்பில் இல்லை என்று சொல்ல நமக்கு வருமா, அண்ணா? மூன்று டீ ஆகட்டும், பக்குவமாகச் சொல்லலாம் என்றிருந்தேன். இரண்டாவது டீக்குள் பலாக்காய் முழுதும் தேங்காய்ப்பாலில் வெந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் தனு வந்தான். தெரியுமே, கணினி பழுது பார்ப்பவன், இரண்டு வருடமாக வெனிங்கைக் கேட்டுக்கொண்டிருப்பவன். அவனுக்கும் அழைப்பு போயிருக்கிறது. நல்ல பாத்திக் சட்டை, முகத்தில் ஈயாடவில்லை.

“மாப்பிள்ளை யாருங்கய்யா?”

“மாப்பிள்ளையே இல்லப்பா. பொட்டி தானா எழுதி அனுப்பிருச்சு.”

அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைக்கடியில் புகுந்தான். “அழைப்பு மாதிரி வேஷம் கட்டிக்கிட்டு வந்த வைரஸுங்கய்யா. நாமளே கதவத் திறந்து விடணும், அதான் அதுக்கு வேணும். உள்ள வந்ததும் நம்ம முகவரியெல்லாம் எடுத்து, நம்ம பேர்லயே மத்தவங்களுக்குப் போகும். நாம தட்டுற கடவுச்சொல்ல ஒளிஞ்சிருந்து படிக்கும். கோப்பப் பூட்டிட்டுக் காசு கேக்கும். ஒரு தடவதான திறந்தீங்க?”

“ஒம்போது.”

“ஒம்போதா!”

“பதில் இல்லேன்னா மறுபடி தட்டுறதுதானப்பா மரியாதை?”

மருந்துக்கடை வேலை முடிந்து வெனிங் உள்ளே வந்தாள். “யாருக்குக் கல்யாணம்?” பதினோரு கத்திகளும் நின்றன.

“உனக்குத்தாண்டி,” என்றாள் மர்சியம்.

மேசைக்கடியில் நீட்டிக்கொண்டிருந்த தனுவின் கால்களைப் பார்த்தாள். “இவருன்னா எனக்குச் சரி.”

நான் விட்டுக்கொடுக்கவில்லை. நம் வழக்கப்படி இருவரும் பிறந்த கிழமைகளுக்குரிய எண்களைக் கூட்டினால் இருபத்தைந்து; அந்த எண் வந்தவர்கள் சேர்ந்தால் பிரிவுதான். நானே கணக்குப் போட்டுக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறேன். அதைச் சொன்னதும் பிள்ளை அடுப்படிக்குள் போய்விட்டாள். வெங்காயம் என்று பெண்கள் சமாளித்தார்கள். ஆனாலும் கணக்கு கணக்குதானே?

ஆகையால் கல்யாணம் இல்லை, தாங்கள் புறப்பட வேண்டாம். பெரியவர்கள் ஆசி எங்களுக்கு என்றும் வேண்டும். அண்ணிக்கு என் வணக்கம்.

தங்கள் பணிவுள்ள தம்பி,
கஸ்மிதி

பி.கு.: சனிக்கிழமை. தனு கணினியைச் சரிசெய்து கொண்டுவந்தான். சங்கப் பட்டியல், ஓய்வூதியக் கடிதங்கள் எல்லாம் பத்திரம். ஒரே ஒரு கோப்பை மட்டும் மீட்க முடியவில்லையாம். “கிழமைக் கணக்க மட்டும் வைரஸ் மொத்தமா தின்னுருச்சுங்கய்யா,” என்றான், தரையைப் பார்த்தபடி. வெனிங்கும் தரையைத்தான் பார்த்தாள். கணக்கே இல்லாமல் எதைக் காட்டி மறுப்பேன்? அடுத்த மாதம் முதல் ஞாயிறு பெண் கேட்டு வருகிறார்கள், நம் பக்கம் தாங்கள்தான் பேச வேண்டும். வாருங்கள். மேலே எழுதியிருக்கும் அந்த இருபத்தைந்தை மட்டும் நன்றாக மை பூசி அழித்துவிடுங்கள், அண்ணா.