பன்னிரண்டாவது கட்டம்

2024 ஜூலை 14, ஞாயிறு, காலை பத்து மணி. இலுப்பூருக்குத் தெற்கே ஆறு கிலோமீட்டரில் இருக்கும் ஒரு ஊராட்சி நூலகத்தின் சுற்றுச்சுவர் தொண்ணூற்றாறு அடி நீளம். அதில் பன்னிரண்டு கட்டங்கள் போட்டிருந்தார்கள். பன்னிரண்டும் வெள்ளையாக இருந்தன.

நிலவழகன் பஸ்ஸிலிருந்து இறங்கி ஏறக்குறைய ஓடி வந்தான். குளத்தூரில் ஒரு உரக்கடையில் பில் போடுகிறவன். மூன்று வருடமாக டேப்லெட்டில் படம் வரைந்து இன்ஸ்டாகிராமில் போடுகிறான். அறுபத்திரண்டாயிரம் பேர் பார்க்கிறார்கள். கனடாவிலிருந்தெல்லாம் ஹார்ட் வரும். ஆனால் எதிரில் உட்கார்ந்து படத்தைப் பற்றிப் பேச குளத்தூரில் ஓர் ஆள் கிடையாது.

போன வாரம்தான் 'வெள்ளாற்றங்கரை ஓவியர் வட்டம்' என்ற குழுவிலிருந்து செய்தி வந்தது: 'சுவரில் வரையப்போறோம். நீங்களும் வாங்க.' அவன் மூன்றே நொடியில் பதில் போட்டான். இதுவரை பிரஷ்ஷைத் தொட்டதே இல்லை என்பதை மட்டும் எழுதவில்லை.

பதினொரு ஓவியர்கள் தத்தம் கட்டத்தின் முன் கைகட்டி நின்றிருந்தார்கள். எட்டு மணிக்கே வந்துவிட்டார்களாம். இன்னும் ஒரு கோடுகூட விழவில்லை. என்ன யோசனை! அவனுக்குப் புல்லரித்தது. வெள்ளைத் தாடியும் ஜிப்பாவுமாக நின்ற ரத்தினவேலின் பிரஷ்களில் விலைச்சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் புது பிரஷ் வாங்குகிற மனிதர் போலிருக்கிறது. சுவருக்கு வெள்ளையடித்த மலையாண்டி மட்டும் வாளியோடு ஓரமாக உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

குழுவை நடத்தும் வனிதா எதிரே வந்தாள்.

"வாங்க நிலவழகன்! கடைசிக் கட்டம் ஒங்களுக்கு. திருமயம் கோட்டை. அஞ்சு மணிக்குத் தலைவரம்மா பாக்க வாராங்க. செவுரு பிடிச்சிருந்தா, ஞாயித்துக்கிழமை கூடிக்க நூலக மாடியைத் தர்றேன்னிருக்காங்க. பிடிக்கலைன்னா அம்புட்டுதான், வட்டத்தைக் கலைச்சிர வேண்டியதுதான்."

"கவலைப்படாதீங்க, ஜமாய்ச்சிரலாம்," என்றான்.

பிரஷ்ஷை முக்கிக் கோட்டை மதிலுக்கு முதல் கோடு இழுத்தான். அது பாதி வழியில் வளைந்தது. அதிலிருந்து மூன்று ஓடைகள் கீழே வழிந்தன. அவன் கை தன்னாலேயே எழுந்து சுவரை இரண்டு விரலால் தட்டியது. டேப்லெட்டில் அப்படித் தட்டினால் கடைசியாகப் போட்ட கோடு அழிந்துவிடும். சுவரில் அழியவில்லை. விரலில் சுண்ணாம்புதான் ஒட்டியது.

பக்கத்துக் கட்டத்திலிருந்து வனிதா அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"எ... எதுக்குத் தட்டுனீங்க?"

"ஈரம் இருக்கான்னு பாத்தேங்க. செவுரு காயலை."

ரத்தினவேல் பாய்ந்து வந்தார். இரண்டு விரலால் தட்டினார். கண்ணை மூடினார். "காயலை! சத்தியமாக் காயலை! யாரும் வரையாதீங்கப்பா!"

பதினொரு பேரும் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போனார்கள். திரும்பிவர ஒன்றரை மணி நேரமானது. ஒரு பொய்யால் இத்தனை கலைஞர்களின் வேலையைக் கெடுத்துவிட்டோமே என்று நிலவழகன் தன்னையே நொந்துகொண்டான்.

அதற்குள் கோணல் மதிலை மறைக்க நீலம் அடித்துப் பார்த்திருந்தான். நீலம் வழிந்தது. வழிந்ததை மறைக்க இன்னும் நீலம் அடித்தான். மதியத்துக்குள் கட்டம் முழுக்க நீலம்.

"கோட்டையைக் காணமே?" என்றார் ரத்தினவேல்.

"இது கோட்டைக்குப் பக்கத்துல உள்ள கம்மாய்ங்க."

"கோட்டை எங்கிட்டு?"

"கரையில இருக்கு. படத்துக்கு வெளிய."

ரத்தினவேல் நீலத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "படத்துக்கு வெளிய! இது தோணலையேய்யா எனக்கு! வனிதா, ஏம் கட்டத்து ஜல்லிக்கட்டும் கரையிலயே நடக்கட்டும்மா. நீல டப்பாவை இங்கிட்டுத் தள்ளு!"

"எனக்கும் கொஞ்சம் வைங்க," என்றாள் வனிதா. அவளுடைய தேரும் கரையேறியது. அடுத்தவரின் மயில் கரையேறியது. நாலரை மணிக்குத் தொண்ணூற்றாறு அடியும் நீலமாக இருந்தது. நிலவழகன் மணியைப் பார்த்தான். மாடி போச்சு, வட்டமும் போச்சு.

ஊராட்சித் தலைவர் அழகம்மாள் சரியாக ஐந்துக்கு வந்தார். சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார். திரும்பவும் நடந்தார்.

"ஜல்லிக்கட்டு எங்கங்க?"

"கரையில நடக்குதுங்க," என்றாள் வனிதா. "இது தண்ணி."

"அம்புட்டும் தண்ணியா?"

"ஆமாங்க."

அழகம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றார். "ஆடி பொறக்கப்போகுது. ஒரு கம்மாயிலயும் பொட்டுத் தண்ணி இல்ல. இங்கயாச்சும் கெடக்கட்டும். இந்தாங்க, மாடிச் சாவி."

கைதட்டலும் விசிலும் எழுந்தன. ரத்தினவேல் அவனைக் கட்டிக்கொண்டதில் ஜிப்பாவும் நீலமானது. நிலவழகனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. குழாயடியில் வாளி கழுவிக்கொண்டிருந்த மலையாண்டியிடம் போனான்.

"அண்ணே, யார்ட்டயாவது சொல்லணும். எனக்கு பிரஷ் புடிக்கவே தெரியாது. எல்லாம் டேப்லெட்டுலதான். செவுரு காயலைன்னு நான் விட்டதும் பொய்தான். என்னய நம்பி இவ்ளோ பெரிய ஓவியருங்கெல்லாம் கெட்டுப்போனாங்க."

மலையாண்டி வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"காயலைங்கிறது நெசந்தான் தம்பி. எட்டு மணியிலேர்ந்து அந்தப் பதினோரு பேரும் ஆளுக்கொரு கோடு போடுறது, ரெண்டு வெரலால தட்டுறது, அப்புறம் என் மொகத்தைப் பாக்குறது. நீங்க வாரதுக்குள்ள ரெண்டு தடவை முழுச் செவுத்துக்கும் வெள்ளையடிச்சேன்."