சதுப்பு நிலத்தில் ஒரு மருந்துப்பெட்டி

மருந்துப்பெட்டியோடு வந்த மஞ்சள் காய் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நின்றது. மலையூருக்கு இன்னும் மூன்று கட்டம். வெள்ளம் வர இரண்டே சுற்று. ஜெயித்தால் நாலு பேரும் சேர்ந்து ஜெயிக்கலாம், தோற்றால் நாலு பேரும் சேர்ந்து தோற்கலாம். அப்படி ஒரு விளையாட்டு.

"உங்க அண்ணனைச் சேத்துக்குள்ள இறங்க வேண்டாம்னு சொல்லு," என்றார் சர்வேயர், மனைவியிடம்.

அண்ணன் எதிரிலேயேதான் உட்கார்ந்திருந்தார். லாரி டிரைவர். இரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. வீடு மாற்றிய அன்று சர்வேயர் சொன்ன குறுக்குவழியில் டிரைவர் லாரியை விட்டார். பீரோ, கட்டில் எல்லாம் சேற்றில் குளித்தன. வழி தப்பு என்றார் அவர், ஓட்டியது தப்பு என்றார் இவர். அன்றோடு சரி.

அடுத்த வாரம் அண்ணன் குடும்பத்தோடு வெளியூர் போகிறார். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டே போய்விட்டால் அப்புறம் ஜென்மத்துக்கும் சேராதுகள் என்று பயந்துதான் அண்ணனையும் அண்ணியையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, கை கழுவியதும் பலகையை விரித்திருந்தாள் மனைவி.

"சேத்துக்கு எத்தனை அடி செலவுன்னு உன் வீட்டுக்காரரைப் பார்க்கச் சொல்லும்மா," என்றார் டிரைவர்.

சர்வேயர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். 'மலை ஏற மூன்று அடி. சதுப்பு நிலமாக இருந்தால்' என்பதோடு ஆறாம் பக்கம் முடிந்தது. அடுத்து இருந்தது ஒன்பதாம் பக்கம்.

"சே! எவன்டா இதைத் தைச்சவன்? சரி, நிலம்னா எல்லைக்கோடுதான் கணக்கு. கோட்டைத் தாண்டினதுமே ரெண்டு அடி போச்சுன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு."

"இறங்குறதுக்கு என்ன செலவு? அது பாட்டுக்கு வழுக்கிட்டுப் போகும். வெளிய வர்றதுக்குத்தான் உயிர் போகும்னு சொல்லு."

மனைவி வாயைத் திறப்பதற்குள், "அதெப்படி?" என்று சர்வேயர் நேராகவே கேட்டுவிட்டார். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் பதில் தெரியாமல் இருப்புக் கொள்ளவில்லை.

"முன்சக்கரம் உள்ள போறதே தெரியாது. பின்சக்கரம் சும்மா சுத்தும், வண்டி நகராது."

"அப்போ உள்ள போக ஒரு அடி, வெளிய வர ஒரு அடின்னு வச்சுக்கலாமா?"

"நடுச்சேத்துல நிக்கிறப்ப சுற்று முடிஞ்சா?"

அட, ஆமாம்! காய் அமிழுமா? அமிழ்ந்தால் மருந்துப்பெட்டி நனையுமா? பெட்டி இருப்பதால் கனம் கூடி இன்னும் சீக்கிரம் அமிழுமா? ஒரு சந்தேகத்தைத் தீர்க்கப் போய் மூன்று முளைத்தன. சர்வேயர் அளவு நாடாவை எடுத்து வந்தார். அட்டையில் அச்சடித்த சேற்றை நாடா வைத்து எப்படி அளப்பது?

"நிஜச் சேத்துல பார்த்துடுவோம்," என்று எழுந்தார் டிரைவர்.

கொல்லைப்புறத்தில் ஆறு வாளித் தண்ணீர் கொட்டப்பட்டது. மருந்துப்பெட்டிக்குப் பதிலாக ஸ்பானர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு டிரைவர் ஜம்மென்று இறங்கினார். ஏறும்போது வலது செருப்பு வரமாட்டேன் என்றது. இழுக்கப் போன சர்வேயருக்குக் கால் வழுக்கிவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்தார்கள். ஸ்பானர்கள் நாலாபக்கமும் சிதறின.

"பார்த்தீங்களா மாப்ளை! இறங்க ஒரு அடி, ஏற நாலு அடி!"

"நாலு எங்க மச்சான்? செருப்பை விட்டுட்டு வந்தா மூணுதான்!"

"செருப்பை எப்படி விடறது? விதியில இருக்கா?"

"கூடாதுன்னும் இல்லையே மச்சான்! இன்னொரு தடவை இறங்குங்க, இப்ப வெறுங்காலோட பார்ப்போம்!"

நாலாவது ஆளாக விளையாடிக்கொண்டிருந்த அண்ணி, கொல்லை வாசற்படியில் நாத்தனார் பக்கமாகச் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்:

"நாம கிழிச்ச அந்தத் தாள் என் பையிலதான் இருக்கு. இப்பவே குடுத்துடவா, இல்ல அவங்க இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டுமா?"