கூழாம்பாறை ரோடு, இரண்டு நிமிடம்

குமாரவேல் எடுத்த வீடியோவைப் பார்த்து ரோட்டு ஆபீஸ் அதிகாரிக்குத் தலை சுற்றிவிட்டது. "ரோடு எங்கப்பா இருக்கு? ஆட்டந்தான தெரியுது," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த ஆட்டம்தான் ரோடு. கிளாவரையிலிருந்து கூழாம்பாறைக்கு ஆறு கிலோமீட்டர். அதில் ஜீப் ஓட்டித்தான் குமாரவேலுக்குப் பிழைப்பு. போன மழையில் அவன் ஜீப்பிலேயே, பாதி வழியில், ஒரு பிள்ளை பிறந்தது. அது அழவே இல்லை. இப்போது அவன் மனைவி லாவண்யாவுக்கு எட்டாம் மாதம். கொடைக்கானலில் கொடுத்த மனு எதற்கும் பதில் வராததால்தான் வீடியோவில் இறங்கினான்.

லாவண்யா பள்ளியில் வாங்கிய இலவச லேப்டாப்பில் எடிட்டிங் சாப்ட்வேரை ஏற்றினான். எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியவில்லை. முதல் நாள் ஜீப் தலைகீழாக ஓடியது. இரண்டாம் நாள் படமே காணாமல் போனது. யூடியூபில் யாரோ பேசியதை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, நான்காம் நாள் ஆட்டத்தை நீக்கும் பொத்தானைப் பிடித்தான். ஜீப், ஏரியில் படகு போவதுபோல் போனது.

இருட்டாக இருக்கிறது என்றார் அதிகாரி. மூடுபனியைக் குறைத்து வெயிலைக் கூட்டினான். சேற்றுக் குழிகளெல்லாம் நிரவிவிட்டதுபோல் பளபளத்தன.

அடுத்து, சத்தம் காதைக் குடைகிறது என்றார். இன்ஜின் இரைச்சலை எடுத்தான். பக்கத்து சீட்டில் இருந்த லாவண்யா ஒவ்வொரு பள்ளத்துக்கும் "அம்மா" என்று முனகியதும் அதோடு போயிற்று. அந்த இடத்தில் புல்லாங்குழல் வைத்தான்.

இரண்டு நிமிடத்துக்கு மேல் இருந்தால் மேலிடம் பார்க்காதாம். ஜீப் சிக்கி நின்ற இடங்களை வெட்டினான். அங்கே எதுவும் நகரவில்லை, போனால் என்ன குறை என்று தோன்றியது.

"ஏங்க, இது நம்ம ரோடுதானா?" என்று கேட்டாள் லாவண்யா.

"நம்ம ரோடுதான். எடிட்டிங் அப்புடி." அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை அலைச்சலுக்கு அதுவாவது மிஞ்ச வேண்டாமா?

அதிகாரி இரண்டு தடவை பார்த்தார். டீ வாங்கிக் கொடுத்தார். கடைசியில் ஊர்ப் பெயரும் தேதியும் எழுத்தில் வரட்டும் என்றார். அங்கேயே உட்கார்ந்து அதையும் போட்டுக் கொடுத்தான். இப்படி அக்கறையான அதிகாரியைப் பார்த்ததே இல்லை என்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னான். பிரசவத்துக்குள் ஜல்லியாவது கொட்டிவிடுவார்கள் என்றான்.

ஆபீஸ் வாசலில் தபால் பதிவு செய்யும் சுமதி உட்கார்ந்திருந்தாள். ரோட்டு வேலை எப்போது தொடங்கும் என்று அவளிடம் கேட்டான்.

சுமதி உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இனி என்னத்தண்ணே தொடங்க? ஒங்க ரோடு போட்டு முடிச்சாச்சுன்னு மூணு வருசமா ஃபைல்ல கெடக்கு. போட்டதுக்கு வீடியோ எங்கன்னு மேல கேட்டுக்கிட்டே இருந்தாங்க, இன்னைக்குத்தான் சாருக்கு மூச்சே வந்துச்சு."