நான்காம் ட்ரேக்கு நான் செய்த நல்லது

பாவம் பார்ப்பதில் எனக்கு அளவு தெரியாது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, வாக்குமூலமாகச் சொல்கிறேன்.

அப்போது தங்கவயலிலிருந்து தினமும் காலை ரயிலில் பெங்களூர் வந்து, ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் தற்காலிக உதவியாளராக இருந்தேன். (உதவியாளர் என்றால் தண்ணீர் ஊற்றுகிறவர்.) தொம்மலூர்க்காரரான சுமதி மேடம் அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்தார். பூஞ்சண மருந்து கலந்த விதையைக் களைக்கொல்லி தெளித்த மண்ணில் போட்டால் நெல் நாற்று எவ்வளவு குன்றும் என்பதுதான் அவருடைய கேள்வி. நான்கு ட்ரே வைத்திருந்தார். முதலாவதில் எந்த மருந்தும் இல்லை. இரண்டாவதில் விதை மருந்து மட்டும், மூன்றாவதில் களைக்கொல்லி மட்டும், நான்காவதில் இரண்டும். மாதக் கடைசிக்குள் ஆய்வேடு கொடுத்தால் ஹாசனில் அவருக்கு வேலை உறுதி.

"சேகர், தண்ணி மட்டும் ஊத்துங்க. வேற எதுவும் வேணாம்," என்றார். தலையாட்டினேன். அதில் நான் கெட்டிக்காரன்.

பத்தாம் நாள் முதல் ட்ரே பச்சைப்பசேலென்று நின்றது. நான்காம் ட்ரேயில் நாற்று சுண்டுவிரல் உயரம்கூட இல்லை. நுனி சுருண்டு, வெளிறி, காய்ச்சல் வந்த பிள்ளை மாதிரிக் கிடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. பண்ணை மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை யூரியா எடுத்து, டிபன் பாக்ஸ் மூடியில் கரைத்து, தினமும் அதற்கு மட்டும் ஊற்றினேன். ("சாப்பிடு கண்ணு" என்று பேசியதும் உண்டு.)

அளவெடுக்கிற நாளில் என் பிள்ளை முதல் ட்ரேயை எட்டிப் பிடித்திருந்தது. மேடம் ஸ்கேலை வைத்து மூன்று தடவை அளந்தார்.

"ஒண்ணொண்ணா குடுத்தா குன்றுது. ரெண்டும் சேத்துக் குடுத்தா வளருதா? எப்படிங்க?"

"நல்லா தேறிடுச்சில்ல மேடம்? நான்தான் கொஞ்சம் யூரியா..." என்று பல்லைக் காட்டினேன்.

அவர் திட்டவில்லை. ஸ்கேலைக் கீழே வைத்தார்.

"நாத்து மேல பாவம் பாத்தீங்க சேகர். என் மேலயும் கொஞ்சம் பாத்திருக்கலாம்."

மறுபடி விதைத்து, வளர்த்து, அளந்து முடிப்பதற்குள் ஹாசன் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. நான் ஒழுங்காக மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

இந்தக் கதையை வீட்டில் சொன்னது என் அடுத்த தப்பு. இப்போது பெங்களூர் மர்பி டவுனில் குடியிருக்கிறோம். மகள் வீட்டுப்பாடக் கணக்கில் தடுமாறும்போது என் கை தானாகப் பென்சில் பக்கம் போகும்.

"அப்பா, இது நாலாவது ட்ரே. தண்ணி மட்டும் ஊத்துங்க," என்பாள். சமையலறையில் மனைவி சிரிப்பாள்.

நானும் சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொள்வேன். அப்புறம் எழுந்து போய், மகளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைப்பேன்.