வலப்பக்கத்து வாத்தியார்

"இந்த லீவு முடியறதுக்குள்ள என் மகளைத் தமிழ்ல தடதடன்னு வாசிக்க வைக்கலைன்னா என் பேரு நஜிமுதீன் இல்லை!" என்று தாராவியே அதிரும்படி சபதம் போட்டேன். அதில் ஒரே ஒரு சிக்கல். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

சிரிக்காதீங்க. பிறந்தது பம்பாய், படித்தது உருது ஸ்கூல். தமிழில் பேசுவேன், சண்டை போடுவேன், எழுத்து மட்டும் ஒட்டவில்லை. நிக்காஹ் பேச வந்த திருநெல்வேலிக்காரர்கள், "மாப்பிள்ளை தமிழ் வாசிப்பாரா?" என்று கேட்டார்கள். "பேப்பர் இல்லாம எனக்குச் சாயாவே இறங்காது" என்று விட்டேன் ஒரு புளுகு. அன்றிலிருந்து தினமும் காசிம் சாயாக் கடையில் தமிழ்ப் பேப்பரை விரித்துப் பிடிப்பது என் தலையெழுத்து. அந்த எழுத்தும் எனக்கு வாசிக்கத் தெரியாது.

ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அபுதாஹிர். என்னோடு தோல்பைப் பட்டறையில் தைக்கிறவர். மகள் பானு பிறந்தபோது ஊரிலிருந்து என் மனைவி சைனப் எழுதிய கடுதாசிகளை அவர்தான் எனக்கு வாசித்துச் சொன்னார். மெதுவாகத்தான் வாசிப்பார். அவர் மெதுவாக வாசித்தால் மாஹிம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும்.

இப்போது சைனப்புக்கு மறுபடி ஏழாம் மாசம்.

"ஏங்க, ஜூன்ல பேறுகாலத்துக்கு ஊருக்குப் போறேன்ல. பானுவை அங்கேயே ஒண்ணாம் வகுப்புல சேர்த்துரலாம். ஊர்ப் பிள்ளையளுக்கு முன்னால இவ முழிச்சிக்கிட்டு நிக்கப்படாது. எழுத்துச் சொல்லிக்கொடுங்க."

"நீயே சொல்லிக்கொடேன்."

"எனக்கு இடுப்பு வலிக்கி. ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதாவா!"

சபதம் பிறந்தது இப்படித்தான். பிள்ளை முன்னால் மானம் போனால் அது சைனப்பிடம் போகும். அங்கிருந்து மாமனார் வீட்டுக்குப் போகும். பிறகு நான் எந்த முகத்தோடு ஊர்ப்பக்கம் போவது?

கிங்ஸ் சர்க்கிள் தமிழ்க் கடையில் அரிச்சுவடி வாங்கி வந்து, சாயங்காலம் எங்கள் ஒற்றை அறையில் பாயை விரித்தேன். புஸ்தகத்தைத் திறந்தேன்.

"வாப்பா, அது கடைசிப் பக்கம்."

"தெரியும். உனக்குத் தெரியுதான்னு பார்த்தேன்."

உருதுப் பழக்கத்தில் வலது ஓரத்தில் விரலை வைத்தேன். பானு என் விரலைப் பிடித்து இடது ஓரத்தில் வைத்தாள். அடுப்படியில் சைனப்புக்கு இருமல் வந்தது.

"வாப்பா, இது என்ன எழுத்து?"

"நான் சொல்லிட்டா நீ கிளிப்பிள்ளை ஆயிருவே. நீயே சொல்லு."

"அ."

"சபாஷ்! அடுத்தது?"

"ஆ. கையை நீட்டிக்கிட்டு இருக்கே, அதான் ஆ. நீங்களும் சொல்லுங்க வாப்பா."

சொன்னேன். யா அல்லாஹ், ஆறு வயசு! யாரும் சொல்லிக்கொடுக்காமலே எழுத்து தெரிகிறது! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் ரத்தமாச்சே, சும்மாவா என்று பட்டறை முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

தினமும் இதே பாடம். கேட்பது நான், சொல்வது அவள். கொம்பு எது, கால் எது, புள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று பிள்ளை பொறுமையாக விளக்கும். நான் தலையாட்டி "சரிதான்" என்பேன்.

ஒருநாள் சாயாக் கடையில், சைனாக்காரனை எப்படி விரட்டலாம் என்று வழக்கம்போல முழங்கிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே பலகை. சும்மா பார்த்தேன். இ... ங்... கே... எழுத்தெல்லாம் ஒன்றையொன்று கைபிடித்து வந்து வாயில் விழுந்தது. "இங்கே அரசியல் பேசக் கூடாது!" எத்தனை வருஷமாக அதன் அடியிலேயே உட்கார்ந்து பேசியிருக்கிறேன்! அதுவரை கிறுக்கலாக இருந்த சுவரெல்லாம் அன்றைக்கு என்னிடம் பேசியது. கண் கலங்கிவிட்டது. சாயா ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

ஜூன் வந்தது. வி.டி. ஸ்டேஷனில் மெட்ராஸ் மெயில். கூடப் போகும் மச்சினன் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். ஜன்னலோரம் சைனப்.

"போய்ச் சேர்ந்ததும் கடுதாசி போடுதேன். இந்தத் தடவை நீங்களே வாசிங்க. அபுதாஹிர் அண்ணன் வேண்டாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு... எப்படி...?"

"போன தடவை, 'உங்களை ரொம்பத் தேடுது'ன்னு ஒரு வரி எழுதினேன். திரும்பி வந்தா குழாயடியில அத்தனை பொம்பளையளும் 'இன்னும் தேடுதா?'ன்னு கேட்டுச் சிரிச்சாளுவ. நான் வெக்கத்துல செத்துட்டேன்."

"அபுதாஹிர்தான் வாசிச்சார்னு..."

"அவுக குரலு யாருக்குத் தெரியாது? அதுக்கும் முன்னாடியே தெரியும். நிக்காஹ் முடிஞ்ச மறுநாளே பார்த்தேன். பேப்பரைப் பிடிச்சா உங்க கண்ணு வலத்தேருந்து இடத்துக்குல்லா ஓடுது! தமிழ் எந்த ஊர்ல அப்படி ஓடும்?"

"அப்போ பானு...?"

"காலையில நீங்க பட்டறைக்குப் போனதும் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். சாயங்காலம் அவ உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பா."

கோபம் வரவேண்டும். வரவில்லை. பிளந்த வாய் பிளந்தபடி நின்றேன். வாத்தியார் வேஷம் போடவைத்தே ஒருத்தனை மாணவனாக்கிய மூளை, இத்தனை நாளாக என் வீட்டு அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்திருக்கிறது!

"நேராச் சொல்லியிருக்கலாம்லடி?"

"சொன்னா படிச்சிருப்பீயளா?"

விசில் ஊதியது. வண்டி நகர்ந்தது. "இந்தத் தடவையும் தேடுதுன்னு எழுதுவியா?" என்று கூடவே ஓடினேன். சைனப் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அவள் மடியிலிருந்து எட்டிப் பார்த்து, பிளாட்பாரம் முழுக்கக் கேட்க பானு கத்தினாள்:

"வாப்பா! இடப்பக்கத்துலேருந்து ஆரம்பிக்கணும், மறந்துராதீங்க!"