வா என்றால் போகிற குதிரை

மிருகங்களுக்கு மொழி கிடையாது, அன்பாகக் கூப்பிட்டால் எதுவும் வரும் என்று சொல்கிறவர்களை நான் இப்போது நம்புவதில்லை. அவர்களில் ஒருவராவது கியூபெக்கில் ஒரு குதிரையைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கமாட்டார். நான் கூப்பிட்டுப் பார்த்தவன். அதுவும் தமிழில்.

என் மகள் ஆரணிக்கு அப்போது பதினாறு வயது. எங்கள் குடும்பத்தில் குதிரையின் கிட்டப் போன முதல் ஆள் அவள்தான். (அதுவரை எங்களுக்கும் குதிரைக்கும் இருந்த ஒரே சம்பந்தம் கோயில் திருவிழாவில் வரும் குதிரை வாகனம். அது கூப்பிட்டாலும் வராது, விரட்டினாலும் போகாது.) வீட்டில் தேத்தண்ணீர் குடித்த கோப்பையைக் கழுவாத பிள்ளை, சனிக்கிழமைகளில், மொன்றியலில் நாங்கள் இருக்கிற கார்ட்டியர்வில்லில் இருந்து பஸ் மாறி மாறிப் போய், நகரத்துக்கு வெளியே ஒரு லாயத்தில் குதிரை லத்தி அள்ளினாள். லாயத்தின் சொந்தக்காரி மிஷ்லின் அதிகம் பேசாத பெண்மணி. கோடையில் சின்னப் பிள்ளைகளுக்குக் குதிரை ஓடப் பழக்குவார். அதற்கு உதவியாளாக ஒருத்தியை எடுக்கவேண்டும். ஆரணி நித்திரையிலும் அந்த வேலையைப் பற்றித்தான் பேசினாள்.

மிஷ்லின் ஒரு சோதனை வைத்தார். காட்டுக்குள் குதிரைகளோடு கூடாரம் போட்டுத் தங்கக்கூடிய ஓர் இடம் இருக்கிறது. அங்கே பிஸ்க்வி என்ற மண்ணிறக் குதிரையை வைத்து ஒரு வார இறுதி முழுக்கப் பார்த்துக்கொள்ளவேண்டும். குதிரை கொண்டுபோனது போலவே திரும்பி வந்தால் வேலை ஆரணிக்கு. கூட ஒரு பெரியவர் இருக்கவேண்டும்.

போவதாக இருந்தது என் மனைவி சுகந்தி. நான்தான் இடையில் புகுந்தேன். பேக்கரி வானை ஓட்டி, கடைகளுக்குப் பாண் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை எனக்கு. மகளின் பள்ளிக்கூட விழா ஒன்றையாவது முழுதாகப் பார்த்தவனில்லை. இதையாவது செய்வோம் என்று நினைத்தேன்.

"அப்பா, உங்களுக்குக் குதிரையைப் பற்றி ஒண்டும் தெரியாதே" என்றாள் ஆரணி.

"எனக்கோ? ஊரிலை எத்தினை மாடு பாத்தனான்" என்றேன். (பார்த்தது உண்மை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். மாடு அடுத்த வீட்டுக்காரருடையது.)

அந்த இடத்தின் வாசலிலேயே சத்தம் போடவேண்டாம் என்று பலகை வைத்திருந்தார்கள். உயரமான பைன் மரங்கள். ஒவ்வொரு கூடாரத்துக்கும் பின்னால் குதிரை நிற்க மரக்கம்புகளால் ஓர் அடைப்பு. வந்திருந்தவர்கள் எல்லோரும் செத்தவீட்டில் போல் குசுகுசுத்தார்கள். நான் சாரத்தைக் கட்டிக்கொண்டு, சுகந்தி தந்துவிட்ட புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் திறந்து வைத்தேன். அந்த வாசத்துக்குப் பக்கத்துக் கூடாரத்துக் கிழவர் தன் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

முதல் நாள் நன்றாகப் போனது. காரணம், நான் ஒன்றும் செய்யவில்லை. ஆரணி குதிரையைத் தேய்த்தாள், தண்ணீர் வைத்தாள், அதன் காதுக்குள் பிரெஞ்சில் ஏதோ கதைத்தாள். பொழுது சாய்கிற நேரம் என் பக்கத்தில் வந்து இருந்து, "தாங்ஸ் அப்பா, வந்ததுக்கு" என்றாள். அந்தச் சொல்லோடு நான் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

அடுத்த நாள் காலையில் அவள் குதிரையை அடைப்புக்கு வெளியே கொண்டுவந்து, கயிற்றை என் கையில் தந்துவிட்டு வாளியை எடுத்தாள்.

"அப்பா, தண்ணி எடுத்துக்கொண்டு வாறன். கயித்தைப் பிடிச்சுக்கொண்டு சும்மா நில்லுங்கோ. வேறை ஒண்டும் செய்யவேண்டாம்."

சும்மா நிற்பது எனக்கு வராது. குதிரையோடு கொஞ்சம் நெருங்கிப் பழகுவோம் என்று தோன்றியது. கயிற்றைக் கம்பில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கூடாரத்துக்குள் போய் ஒரு அப்பிள் எடுத்தேன். திரும்பி வந்தபோது சுற்று அவிழ்ந்திருந்தது. குதிரை மட்டும் அசையாமல் நின்றது. நான் அப்பிளை நீட்டி, இருக்கிற பாசத்தையெல்லாம் குரலில் சேர்த்து, "வா" என்றேன்.

குதிரை திரும்பி, மறுபக்கமாக நடக்கத் தொடங்கியது.

"வா ராசா, வா வா!"

நடை வேகமானது. நான் அப்பிளோடு பின்னால் ஓடினேன். பக்கத்துக் கூடாரத்துக் கிழவர் எழுந்து, அது உங்கள் குதிரையா என்று பிரெஞ்சில் கேட்டார். இருபது வருட மொன்றியல் வாழ்க்கையில் நான் சேர்த்த பிரெஞ்சு அந்த நேரம் பார்த்து வாய்க்கு வரவில்லை. "ஓம், ஓம்!" என்று கத்தினேன்.

குதிரை நின்றுவிட்டது!

ஏன் நின்றது என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. கிட்டப் போனேன். கயிறு கைக்கு எட்டுகிற தூரம். நிம்மதியில் மனம் இளகி, "என்ரை குஞ்செல்லே, வா" என்றேன். திரும்பவும் கிளம்பிவிட்டது.

ஆரணி வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "அப்பா! வா எண்டு சொல்லாதேங்கோ! பிரெஞ்சிலை வா எண்டால் போ எண்டு அர்த்தம்!"

இதற்குப் பிறகாவது வாயை மூடியிருக்கலாம். நான் சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி, காடு முழுக்கக் கேட்கிற மாதிரி விளக்கம் கேட்டேன்: "என்னது, வாவோ? வா எண்டால் வா தானே பிள்ளை! அப்ப வாவுக்கு என்னெண்டு சொல்லுறது?"

எத்தனை வா! குதிரை ஒவ்வொன்றுக்கும் மரியாதை கொடுத்தது. நாலு கால் பாய்ச்சலில் போய், தெருவோரப் பள்ளத்தைத் தாண்டப் பார்த்து, சறுக்கி விழுந்து எழுந்தது. பிறகு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. காலில் இரத்தம். ஆரணி மெதுவாகப் போய்க் கயிற்றைப் பிடித்து, அதன் கழுத்தில் முகத்தை வைத்து அழுதாள்.

மிஷ்லின் குதிரை ஏற்றுகிற வண்டியோடு வந்தார். காயம் பெரிதில்லை, ஆறிவிடும் என்றார். (ஆறியும்விட்டது.) பிறகு ஆரணியிடம் ஏதோ கேட்டார். தான்தான் சரியாகக் கட்டவில்லை என்று ஆரணி பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு பிரெஞ்சில் பதில் சொன்னாள். அதை விளங்கிக்கொள்ளும் அளவுக்கு என் பிரெஞ்சு போதுமாக இருந்தது.

நான் முன்னால் பாய்ந்தேன். குதிரையை விட்டவன் நான், வா என்று சொன்னவனும் நான் என்று சொல்லவேண்டும். நெஞ்சில் தட்டி, "முவா! முவா, வா! முவா, வா!" என்றேன். அவர் காதில் அது "நான், போ! நான், போ!" என்று விழுந்திருக்கும். மிஷ்லின் என்னையும் என் சாரத்தையும் பார்த்தார். எனக்கு வீட்டுக்குப் போக அவசரம் என்று நினைத்தாரோ என்னவோ, "வுய், மெஸ்யூ" (சரி, ஐயா) என்று மரியாதையாக என் காரைக் காட்டினார். நானும் மரியாதையாக "மெர்சி" என்றேன்.

காரில் வரும்போது, "அவவிட்டைச் சொல்லன் பிள்ளை, அப்பாதான் விட்டவர் எண்டு" என்றேன்.

"சொல்லி என்ன அப்பா? குதிரை என்ரை பொறுப்பிலைதானே நிண்டது" என்றாள். கொஞ்ச தூரம் போனபின், ஓ என்றால் நிற்கவேண்டும், வா என்றால் போகவேண்டும் என்று மிஷ்லின் அதைப் பழக்கியிருந்த கதையைச் சொன்னாள். (என் 'ஓம்' அதன் காதில் 'ஓ' என்று விழுந்திருக்கிறது.) ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தக் கோடை வேலை வேறு ஒரு பிள்ளைக்குப் போனது. ஆரணி லத்தி அள்ளுவதை விடவில்லை. என்னை மட்டும் அந்தப் பக்கம் அவள் பிறகு கூப்பிட்டதே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கவலைதான். நான் ரோஷம் வந்து பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். முதல் பாடமே 'போ' என்ற வினைச்சொல்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கிற சொந்தக்காரரை நான் விருந்துக்குக் கூப்பிட்டால், சுகந்தி போனைப் பறித்து, "இவர் வா எண்டால் நம்பாதேங்கோ. நான் கூப்பிடுறன், வாங்கோ" என்பாள்.

போன மாதம் ஆரணி மிருக வைத்தியம் படிக்க வேறு ஊருக்குப் புறப்பட்டாள். காரில் சாமான்களை ஏற்றிவிட்டு, வாசலில் நின்று நம் வழக்கப்படி சொன்னேன்: "போயிட்டு வா பிள்ளை."

அவள் கார்க் கண்ணாடியை இறக்கினாள். "அப்பா, ரெண்டு தரம் போ எண்டு சொல்லுறியள்."

சிரித்துக்கொண்டே காரை எடுத்தாள். பக்கத்தில் சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கார் தெரு முனையை அடைந்தபோது, எதற்கும் இருக்கட்டும் என்று, யாருக்கும் கேட்காமல் "ஓம், ஓம்" என்று சொல்லிப் பார்த்தேன்.

கார் நிற்கவில்லை.