காலடித் தடத்தருகே நான் கால் வைத்த விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமே இருக்க வேண்டும். இங்கே என் மானத்தைத் தவிர மற்ற எல்லாம் சௌக்கியம். நேற்றுத் தாங்கள் போனில், "உங்களை மியூசியத்துல பிடிச்சு வச்சுட்டாங்களாமே?" என்று கேட்டபோது லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அரைகுறையாகக் காதில் விழுந்ததை வைத்துத் தாங்கள் கலங்க வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தங்கள் மகள், அதாவது என் மருமகள், "மாமா, சும்மாவே உட்கார்ந்திருக்கீங்க, வாங்க" என்று என்னையும் என் வீட்டுக்காரியையும் ஆதிமனிதர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே எல்லோரும் மண்டையோடு மண்டையோடாகப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். நான் முப்பத்திரண்டு வருஷம் செருப்புக் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அடுத்தவர் காலைப் பார்த்தே பிழைத்தவன், எனக்குக் கண் கீழேதானே போகும்? உடம்பெல்லாம் முடியோடு ஒரு ஆள் உயரப் பொம்மை. அதன் பாதத்தைப் பார்த்து, "ஏழாம் நம்பர். ஆனா அகலம் பத்தாது, முன்னாடி கடிக்கும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு தம்பதி நான்தான் விளக்கம் சொல்கிற ஆள் என்று நினைத்து என் பின்னாலேயே வர ஆரம்பித்தார்கள், அவர்களைப் பார்த்து இன்னும் நாலு பேர், மூன்றாவது கூடத்துக்குப் போவதற்குள் பதினோரு பேர். நான் அந்த ஆள் இல்லை என்று சொல்ல வாய் வரலை சம்பந்தி. கடையை விட்ட பிறகு என் பேச்சை யார் இப்படி நின்னு கேட்டாங்க?

அந்தக் கூடத்தில்தான் வினை. பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு ஏரிக்கரைச் சேற்றில் யாரோ ஒரு பெண் நடந்துபோன தடத்தை அப்படியே அச்செடுத்துத் தரையில் பதித்து, சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். பதினோரு பேரில் ஒருத்தர், "இடது கால் மட்டும் ஏன் இவ்வளவு ஆழமா இருக்கு?" என்று கேட்டார். குனிஞ்சு பார்க்காம எப்படிப் பதில் சொல்றது? பாக்கெட்டில் அளவு நாடா வேற இருந்தது, பழக்கதோஷம். செருப்பைக் கழற்றினேன், கயிற்றைத் தாண்டினேன், தடத்துக்குப் பக்கத்தில் என் காலை வைத்தேன், வைத்ததுதான் தாமதம், கட்டிடமே அலறுகிற மாதிரி மணி. காவலாளி ஓடி வந்து என் கையைப் பிடித்தார். பதினோரு பேரும் மாயம். "இவர் யாருங்க, உங்க கூட வந்தவரா?" என்று என் வீட்டுக்காரியைக் கேட்டார். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "யாரோ தெரியலைங்க" என்றாள்.

காப்பாட்சியர் அம்மா வந்தார், மூக்குக் கண்ணாடியும் முகத்தில் கோபமுமாக. "எதுக்குங்க உள்ளே இறங்கினீங்க?" என்றார். நான், "அம்மா, இந்தப் பொண்ணு இங்கே வரைக்கும் இடது பக்கம் சாய்ஞ்சு நடந்திருக்கா. இந்த இடத்துல ரெண்டு காலையும் சேர்த்து நின்னிருக்கா. அதுக்கப்புறம் வலது கால்தான் ஆழம். அது ஏன்னுதான் புரியலை" என்றேன். கோபம் கொஞ்சம் இறங்கியது. "கையில ஏதோ சுமை இருந்திருக்கு, பக்கம் மாத்தியிருக்கா, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்" என்றார்.

"சுமை என்ன சுமை, குழந்தை!" என்று ஒரு குரல். பார்த்தால் என் வீட்டுக்காரி! "நம்ம பெரியவளைத் தூக்கிக்கிட்டு நான் இப்படித்தானே இடுப்பு மாத்தி மாத்தி நடப்பேன், மறந்துடுச்சா உங்களுக்கு?"

"இவரைத் தெரியாதுன்னீங்களே?" என்றார் காவலாளி.

"இப்பதான் தெரிஞ்சுது."

காப்பாட்சியர் அம்மா விடவில்லை. "மூட்டையாவும் இருக்கலாமே?"

"மூட்டையா இருந்தா கீழே வச்சுட்டுத்தானே பக்கம் மாத்துவா? வச்ச தடம் எங்கே?"

அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா சம்பந்தி? புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு அவரே கயிற்றைத் தாண்டி முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். மணி மறுபடி அலறுது, யாருக்கும் அது காதில் விழலை. விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "இல்லைங்க. வச்ச தடமே இல்லை" என்றார். தங்கள் மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த ரெண்டு காலும் சேர்ந்து நின்ன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அளவு நாடாவைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். யாரோ, எப்பவோ, ஒரு நிமிஷம் கை வலிச்சு நின்னிருக்கா.

இதுதான் நடந்தது. என்னை யாரும் பிடித்து வைக்கவில்லை, டீ கொடுத்துத்தான் அனுப்பினார்கள். இருந்தாலும் தங்கள் மகளைப் நாலு பேர் முன்னால் கூச வைத்தது தப்புதான். இனி எந்தக் காட்சிக்கூடத்தின் வாசலையும் மிதிப்பதில்லை என்று இதன்மூலம் சத்தியம் செய்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தையும், சின்னவர்கள் எல்லோருக்கும் என் ஆசிகளையும் சேர்ப்பிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் காப்பாட்சியர் அம்மா போன் செய்தார். உள்ளறையில் இன்னொரு தடம் இருக்கிறதாம், ஒரு ஆம்பளை. ஒரு இடத்தில் குதிகால் மட்டும்தான் பதிந்திருக்கிறது, விரல்களே இல்லை. ஏன்? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை நானும் என் வீட்டுக்காரியும் போகிறோம். மேலே உள்ள சத்தியத்தை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும். அந்தத் தடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, ஈரமண்ணில் நடந்து காட்ட விதவிதமான கால்கள் வேண்டுமாம். தாங்கள் வலது பாதத்தை லேசாக இழுத்து நடப்பவர். தங்கள் வீட்டுக்கு முதல்முதலாக வந்த அன்றே கவனித்தேன், மரியாதைக்காக இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை. தங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். உடனே புறப்பட்டு வரவும்.